மார்லிஸ் கேட்ட கேள்விகள்

ஒமாஹாவில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, மார்லிஸ் குச்செரா முப்பது வருடங்களுக்கு மேல் போனில் அமெரிக்காவின் மனசைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள், நாடு சரியான வழியில் போகிறதா, அதிபர் செய்வது பிடித்திருக்கிறதா. கேட்பது அவள் வேலை. சொல்வதைக் குறித்துக்கொள்வது அவள் வேலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இறைச்சி ஆலையில் வேலை பார்த்த கணவன் லியோனர்டுக்கு முதுகு கெட்டுப்போன வருடம் அவள் அங்கே சேர்ந்தாள். அந்த அறையை நடத்தியவள் பெர்னீஸ் என்ற குண்டு அம்மாள். வாயில் எப்போதும் சிகரெட். முதல் நாளே மார்லிஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இதோ பாரு, ஒருத்தன் நிலாவுல மாடு மேயுதுன்னு சொன்னாலும் ‘நன்றி சார்’னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போ. சிரிக்காத. உச்சுக் கொட்டாத. நீ யாரு பக்கம்னு உன் மூச்சுலகூடத் தெரியக் கூடாது."

மார்லிஸுக்கு அது சுலபமாக வந்தது. ஒமாஹா இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்களின் பேச்சில் ஊர் வாடை அடிக்காது. டெக்சாஸ்காரனுக்கும் அவள் வேற்றாளாகத் தெரியவில்லை, பாஸ்டன்காரிக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஜனங்கள் போனை எடுத்தார்கள், எடுத்தால் விடமாட்டார்கள். "இரு கண்ணு, அடுப்புல ஆப்பிள் பை வேகுது, எறக்கி வச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போன ஒஹையோ அம்மாள் ஒருத்தி திரும்பி வந்து, ஆப்பிளை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். பென்சில்வேனியாவில் ஒரு வீட்டில் புருஷன் சமையலறைப் போனிலும் பெண்டாட்டி மாடிப் போனிலும் இருந்தார்கள்.

"ரிபப்ளிகன்னு போடும்மா" என்றார் புருஷன்.

"அந்தாளு சொல்றத நம்பாத. போன தடவ எனக்குப் பயந்து டெமாக்ரட்டுக்குத்தான் குத்தினாரு."

"பயந்து இல்லடி, பாவம் பாத்து!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மார்லிஸ் பெர்னீஸுக்குத் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் லியோனர்டிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினாள்.

விவசாயிகளின் நிலமெல்லாம் ஏலத்துக்குப் போன எண்பதுகளில் அயோவாவிலிருந்தும் கன்சாஸிலிருந்தும் வந்த குரல்கள் அவளைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் ‘நன்றி சார்’ என்று சொல்லித்தான் அடுத்த கேள்விக்குப் போனாள். சில வாரங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் ஒரு வேட்பாளர் புத்தம்புதுத் தொப்பியோடு சோளக்காட்டில் நின்று, ‘விவசாயியின் வேதனை’ என்று முழங்கினார். அதுவரை அவர் வாயில் வராத வார்த்தை அது.

"பாத்தியா?" என்றாள் பெர்னீஸ், சாம்பலைத் தட்டிக்கொண்டே. "நீ எழுதிக் குடுத்ததத்தான் அந்தாளு ஒப்பிக்கிறாரு."

மார்லிஸுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சோளக்காட்டுக்காரன் வாஷிங்டன்வரை போய்க் கத்த முடியாது. அவன் குரல் தன் வழியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வித்தாள்களில் எப்போதாவது தலைகாட்டும் ஒரு கேள்வி உண்டு. ‘உங்கள் மகளோ மகனோ எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் உங்களுக்கு வருத்தமா?’ ஆரம்பத்தில் அதைப் படித்தாலே எதிர்முனையில் சிரிப்புத்தான்.

"பையன் கத்தோலிக்கனா லூத்தரன் சபையான்னு கேளு தாயி, அர்த்தம் இருக்கு. கட்சியெல்லாமா பாப்பாங்க?" என்று மினசோட்டாவில் ஒரு பெரியவர் அவளையே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் எந்த வருடம் என்று அவளால் சொல்ல முடியவில்லை, அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "அந்தக் கும்பல்ல ஒருத்தன் என் வாசப்படி ஏறக் கூடாது" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த போனில் மறு கட்சிக்காரி ஒருத்தி ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னாள். இன்னொருத்தி, "என் வீட்டுக்காரர் பக்கத்து ரூம்ல இருக்காரு, நான் ‘ஆமா’ ‘இல்ல’ன்னு மட்டும் சொல்றேன்" என்று கிசுகிசுத்தாள். மார்லிஸுக்குப் பென்சில்வேனியாத் தம்பதியின் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் இப்போதும் இரண்டு போன் இருக்குமா என்று நினைத்துக்கொண்டே ‘நன்றி மேடம்’ என்றாள். வேட்பாளர்களும் மாறிவிட்டார்கள். கோபம்தான் ஓட்டு வாங்கித் தரும் என்று கருத்துக்கணிப்பு சொன்னதால் கோபத்தையே பேசினார்கள். அதைக் கேட்டு ஜனங்கள் இன்னும் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தையும் அவள்தான் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் யாரும் போனை எடுப்பதே அபூர்வமாயிற்று. மாடி அறையை மூடினார்கள். அதற்குள் பெர்னீஸும் லியோனர்டும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இனி இந்தச் சண்டையெல்லாம் என் காதில் விழாது என்று இருந்தவளுக்கு, அது அவள் சாப்பாட்டு மேஜைக்கே வந்தது. மகன் டேரில் ஒமாஹாவில் பள்ளி ஆசிரியர். அவளுடைய அண்ணன் எமில் ஒரு மணி நேரத் தூரத்தில் தனியாக விவசாயம் பார்க்கிறவர். மாமா ஒரு கட்சி, மருமகன் மறு கட்சி. டேரில் சின்னப் பையனாக இருந்தபோது கோடை முழுக்க எமிலின் பண்ணையில்தான் கிடப்பான். டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதும், முதல் பீரைத் திருட்டுத்தனமாகக் குடித்ததும் அங்கேதான்.

ஒரு நவம்பரில், குடும்பமெல்லாம் கூடும் நன்றி நாள் விருந்துக்கு எமில் தன் கட்சிக்காரரின் பெயர் போட்ட தொப்பியோடு வந்தார். சமைத்த வான்கோழியை வெட்டிப் பரிமாறுகிறவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

"தொப்பியாவது கழட்டலாமே மாமா" என்றான் டேரில்.

"உன் வீட்டுப் புல்தரையில நட்டு வச்சிருக்கியே கட்சிப் பலகை, அத நான் புடுங்கச் சொன்னனா?"

"பலகை யாரையும் வெறுக்கச் சொல்லல. உங்களை மாதிரி ஆளுங்கதான்..."

"என்னை மாதிரி ஆளுங்களா?" எமில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த மாதிரி ஆளுடா நான்?"

எமில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்காகவே சுட்ட பூசணி இனிப்பு வெட்டாமல் கிடந்தது. அடுத்த வருடம் அவர் வரவில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மார்லிஸ் அவருக்குப் போன் போட்டாள். என்ன பேசுவது என்று யோசித்து வைக்கவில்லை. அவர் "ஹலோ" என்றதும் வாயில் பழைய குரல் தானாக வந்துவிட்டது.

"வணக்கம் சார், ஒமாஹாவிலேருந்து பேசறோம். ஒரு ஆய்வுக்காகச் சில கேள்விகள். இதுல சரி தப்புன்னு எதுவும் கிடையாது."

"ம், கேளும்மா" என்றார் எமில். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், சட்டுனு முடி."

"உங்க குடும்பத்துல ஒருத்தர் எதிர்க்கட்சியில இருந்தா உங்களுக்கு ரொம்ப வருத்தமா, கொஞ்சம் வருத்தமா, வருத்தமே இல்லையா?"

"அந்தப் பயலுக்கு டிராக்டர் ஓட்டக் கத்துக் குடுத்ததே நான்தான்."

"மூணுல ஒண்ணு சொல்லணும் சார்."

"அப்போ ‘சொல்ல விருப்பமில்ல’ன்னு போட்டுக்கோ."

"அத நான் படிக்கவே இல்லையே."

"இருக்கும்னு தெரியும் மார்லி. உன் வேலையப் பத்தி முப்பது வருஷமா கேட்டிருக்கேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப நீ சொல்லு. அவன் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா? ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொல்லேன்."

"ரெண்டு பேரும் இல்லாம எனக்குச் சாப்பாடு எறங்கல எமில்" என்றாள். முப்பது வருடம் ஏறாமல் இறங்காமல் வைத்திருந்த குரல் உடைந்துவிட்டது. எமில் போனை வைத்தார்.

அதனால் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. அந்த நன்றி நாளுக்கும் அவர் வரவில்லை. பனிக்காலம் கழிந்து ஒமாஹாவில் முழங்கால் அறுவைக்கு வந்தபோதுதான், வீட்டுக்குக் கொண்டுபோய்விட ஆள் வேண்டியிருந்தது. அவர் மார்லிஸைத்தான் கேட்டார். அவளுக்குக் கண் மங்கிவிட்டதால் டேரில் காரோடு வந்தான்.

மார்லிஸ் பின் சீட்டில் உட்கார்ந்தாள். டேரில் ரேடியோவைப் போடக் கை நீட்டியவன், பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"இந்த வேகத்துல போனா சோளம் அறுவடைக்கே வந்துடும்" என்றார் எமில் பாதி வழியில்.

"கத்துக் குடுத்தவர் அப்படி."

"டிராக்டர்தான்டா கத்துக் குடுத்தேன், கார் இல்ல."

அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்கள், நெப்ராஸ்காவின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளரைத் திட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. பண்ணை வாசலில் எமிலின் கட்சிப் பலகை காற்றில் சாய்ந்து நடைபாதையில் விழுந்து கிடந்தது. டேரில் அதை எடுத்து வேலியோரம் சாத்தினான்.

"நட்டு வைடா" என்றார் எமில், ஊன்றுகோலில் நின்றபடி.

"முட்டி சரியானதும் நீங்களே நட்டுக்கங்க மாமா."

எமில் அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவன் தோளில் போட்டார். அப்படியே இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். மார்லிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.