நிறம் தெரியாத அலுமினிய ராடுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் இருக்கும் பட்டறையில், எந்தப் பாகத்துக்கு எந்த ரக அலுமினியம் என்று முடிவு செய்வது என் வேலை. வெல்டிங் உண்டென்றால் 6061. வெல்டிங் இல்லை, பாரம் மட்டும் அதிகம் என்றால் 7075. வெயிலில் நிற்குமா, உப்புக் காற்று படுமா, மேலே பூச்சு உண்டா என்று கேள்வி மேல் கேள்வி கேட்பேன். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். என்னை விசாரிக்கத்தான் ஆளில்லை. பாரிவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். கரூரிலிருந்து அம்மா போனில் "சாப்பிட்டியா?" என்பாள். யாரோடு என்று கேட்க மாட்டாள்.

பட்டறையில் மதியம் பாக்கிங் மேஜையில் அட்டையை விரித்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் மட்டும் கண்ணாடிக் கதவு போட்ட கேபினில். சேர்ந்த நாளிலிருந்து, அந்த மேஜைக்கு என்னையும் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். நானாகப் போய் உட்கார முடியாது. தண்ணீர் கேன் பக்கம் போனாலே அவர்கள் பேச்சு நின்றுவிடும்.

ராடு வரும்போதே ஒரு முனையில் பெயின்ட் இருக்கும். எங்களிடம் 6061-க்கு நீலம், 7075-க்கு சிவப்பு. பெயின்ட் இல்லாத முனையிலிருந்துதான் அறுக்க வேண்டும். அப்போதுதான் கடைசித் துண்டு வரை எது எது என்று தெரியும். போன மழையில் ஆவடிப் பக்கம் தண்ணீர் நின்று பாதி ஆட்கள் வராத நாளில், யாரோ அவசரத்தில் ராடுகளைத் திருப்பிப் போட்டு நிற முனைகளை முதலில் அறுத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி. மாறிப் போனால் ஒன்று பாரத்தில் வளையும், மற்றது வெல்டிங்கில் விரிசல் விடும்.

லேத் ஓட்டும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "எது எதுன்னே தெர்ல மேடம். எல்லாம் ஒரே மேரி கீது."

நாமே பிரித்துவிடலாம் என்றேன். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் வில்லை அறுத்து நான் எடை போட்டேன். 7075 கொஞ்சம் கனக்கும். அவர் அதையே லேத்தில் கடைந்து பார்த்தார். 6061 நீளச் சுருளாக இழுத்துக்கொண்டு வரும். மற்றது பொடிந்து விழும். இரண்டும் ஒத்துப்போனால் பெயின்ட் அடித்தோம்.

"பாருங்க மேடம், இது முறுக்கு மேரி உடையுது!"

"அப்போ நீளமா வர்றது இடியாப்பமாண்ணே?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இந்த அசட்டு ஜோக்குக்குக் கண் கலங்குவதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் கலங்கியது.

மறுநாளும் வேலை மிச்சமிருந்தது. நாலு பேர் சாப்பிடும் அளவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். மதிய மணி அடித்ததும் கை கழுவிவிட்டு, கேபினுக்குப் போகாமல் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பதறிக்கொண்டு கேபினுக்குள் ஓடி, என் நாற்காலியைத் துடைத்து, ஏசியைப் போட்டார். "உள்ள போயி நல்லா உக்காந்து சாப்டுங்க மேடம். எங்களோட நின்னுகினு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க. இங்க ஒரே தூளு."

"சரிண்ணே" என்றேன். இவ்வளவு மரியாதை செய்கிறவரிடம் அது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் டப்பா மூடியில் மீன் வறுவலோடு வந்தார். "மேடத்துக்குன்னு பெரிய பீஸா எடுத்து வெச்சோம்." நான் என் டப்பாவை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டப்பாவை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் புளியோதரைக்கு அந்த மேஜையில் இடம் கிடைத்துவிட்டது. நான் உள்ளே உட்கார்ந்து மீனைத் தின்றேன்.