இன்னைக்கு பாரிடோன் பாடினது நான்தான்

எங்க திருப்பாப்புலியூர் சர்ச் கொயர்ல ஆறு வருஷமா பொம்பளைங்க வரிசையில நிக்கிறேன். என் குரல் அவங்க எல்லாரையும் விட ரொம்பக் கட்டை, தனியா கேக்கும். "கொஞ்சம் மெதுவா பாடுங்கம்மா"ன்னு மாஸ்டர் சொல்லிச் சொல்லி, பாதி நாள் வாயை மட்டும்தான் அசைப்பேன்.

இன்னைக்கு பாரிடோன் பாடுற ஸ்டீபன் மாமா சிதம்பரத்துலேர்ந்து வந்த பஸ் புவனகிரியில பஞ்சர். ஆராதனைக்கு பத்து நிமிஷம்தான் இருக்கு. ஆம்பளைங்கள்ல மேல் குரலும் அடிக்குரலும் இருக்கு, நடுக்குரலான பாரிடோனுக்கு ஆள் இல்ல.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அவர் பாடுற பாகம் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். வீட்டுல அதைத்தான் பாடுவேன்."

ஆம்பளைங்க வரிசையில நின்னு, முதல் தடவையா முழுக் குரல்ல பாடினேன். கண்ணு கலங்கிடுச்சு.

கொயர் நிக்கிறது பின்பக்க மாடியில. அதுக்கு நேர் கீழ, கடைசி பெஞ்சுல என் வீட்டுக்காரர் வாயே திறக்காம உக்காந்திருந்தார்.

நான் இறங்கி வரும்போது அவருக்கு முன் பெஞ்சு ஆன்ட்டி அவர்கிட்ட கேக்குறாங்க: "பின்னாடிலேர்ந்து கம்பீரமா ஒரு குரல் வந்துச்சே, உங்களுதா தம்பி?"

"ஏதோ கர்த்தர் கிருபை ஆன்ட்டி"ன்னுட்டார்.

ஆன்ட்டி கையோட மாஸ்டரைக் கூப்பிட்டு, அடுத்த ஞாயிறு இவர் தனியா பாடணும்னு சொல்லிட்டாங்க. மாஸ்டர் என்னைப் பார்த்து சிரிச்சிக்கிட்டே இவர் பேரை எழுதிக்கிட்டார்.

மனுஷனுக்கு இருக்கிறது கீச்சுக் குரல், மத்தியானத்துலேர்ந்து தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கார். ஒரு வாரத்துல குரலை இறக்க வழி தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்றதா இல்ல.