செங்கல்லில் வந்த தங்கம்

தாம்பரத்துக்குத் தெற்கே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் பல இடங்களில் பாறை வரும். பாறை வந்தால் தனக்கோடியும் வந்துவிடுவார். இடுப்பில் செருகிய முந்தானை, கையில் சுத்தியல், தோளில் காலி சிமெண்ட் சாக்கு. கரும்பாறைக்கு நடுவே வெள்ளை நரம்பாக ஓடும் வெங்கச்சங்கல்தான் அவருக்கு வேண்டும். அந்த நரம்பில் சில ஊர்களில் தங்கம் இருக்கும் என்று ஒரு புரொபசர் சொல்லக் கேட்டது, காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக இருந்தபோது. ரிட்டயர் ஆன மறுநாளே தேடக் கிளம்பிவிட்டார்.

பதினோரு வருஷம் தேடினார். கல்லை உரலில் இடித்துப் பொடியாக்குவார். அதை அரிக்கன் சட்டியில் போட்டு, அரிசியில் கல் அரிக்கிற மாதிரியே தண்ணீர் விட்டுச் சுற்றிச் சுற்றி அரிப்பார். லேசானது வழிந்து போகும், கனமானது அடியில் தங்கும். தங்கியதெல்லாம் கறுப்பு மணல்தான். தெருவில் அவருக்குக் 'கல்லு பைத்தியம்' என்று பெயர். மினுக்குகிற காக்காப்பொன்னைப் பார்த்து ஏமாறுகிறவராக இருந்தால் முதல் வாரமே குதித்திருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

இந்த ஆடியில் அவருடைய கல் உரல் விரிசல் விட்டது. பழைய இரும்புக் கடையில் கனமான இரும்பு உரல் ஒன்றை வாங்கி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, காலனியில் வீடு கட்டும் வெற்றிவேலின் மனையில் எடுத்த கல்லை இடித்தார். அரித்தார். சட்டியின் அடியில் மஞ்சளாக நாலு துணுக்கு! ஊசியால் அழுத்தினால் நொறுங்காமல் நசுங்கியது. ஆசிட்டிலும் கரையவில்லை.

வெற்றிவேல் காலனி சங்கத் தலைவர். இத்தனை நாள் கேலி பேசியவர்களில் முதல் ஆள். "யக்கா, மெய்யாலுமே தங்கம் கீதுக்கா!" என்று கத்தியவர், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் சால்வை என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டார். கல்லு பைத்தியம் ஒரே நாளில் மேடம் ஆனார். அந்த மரியாதை தனக்கோடிக்குப் பிடித்துத்தான் இருந்தது. இல்லையென்றால் பொய்.

சனிக்கிழமை மதியம் மனசு உறுத்தியது. லேபில் எந்தச் சோதனையானாலும், சோதிக்கும் பொருளைப் போடாமல் ஒரு தடவை செய்து பார்ப்பார்கள். பாத்திரத்திலேயே ஏதாவது ஒட்டியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். இருபத்தெட்டு வருஷம் அந்தக் குடுவைகளைக் கழுவியவர் இதை மட்டும் செய்யவில்லை. செய்யாமலே விட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் கொல்லையில் கிடந்த உடைந்த செங்கல்லை எடுத்து அதே உரலில் இடித்தார், அரித்தார். அடியில் மஞ்சளாக இரண்டு துணுக்கு.

இரும்புக் கடைக்கு ஓடினார்.

"அந்த ஒரலாம்மா? நகைப் பட்டறைய காலி பண்ணப்ப வந்துது" என்றார் கடைக்காரர். "தங்கம் உருக்குன மண்கிண்ணத்த அதுலதான் இடிப்பாங்கோ, ஒட்டிகினு இருக்கறத எடுக்க."

ஞாயிற்றுக்கிழமை மேடையேறியபோது கையில் மிச்சச் செங்கல் இருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"இது கல்லுல வந்த தங்கம் இல்ல. ஒரல்ல ஒட்டிகினு இருந்தது. செங்கல்ல இடிச்சாலும் வருது. ஒரல சோதிக்காம இடிச்சது என் தப்பு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிரித்த சால்வையோடு வெற்றிவேல் முழித்தார்.

"இன்னாக்கா இது? இப்ப சால்வைய இன்னா பண்றது?"

"போத்துடா" என்றார் தனக்கோடி, நிமிர்ந்து நின்று. "பதினோரு வருஷமா ஒங்க ஒவ்வொருத்தர் வூட்டுக் கல்லையும் இடிச்சிருக்கேன். ஒண்ணுத்துலயும் தங்கம் இல்லன்னு அடிச்சு சொல்ல என்னை வுட்டா வேற யாரு கீறா?"