வாடகைக்கு விடாத அறை

ஏற்காட்டில் லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் நவம்பர் மாதத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் பனியின் அழகைச் சொல்ல மாட்டார்கள். மெத்தையைப் பற்றிச் சொல்வார்கள். தலையணை ஈரம், போர்வை ஈரம், அலமாரிக்குள் வெள்ளையாகப் பூசணம். ஒரு வாரம் போடாத தோல் செருப்பு பச்சையாகிவிடும். கரடியூர் போகும் சாலையில் எங்களுக்கு ஆறு அறை கொண்ட லாட்ஜ் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் அறைகளில் தினமும் ஒரு இரும்புச் சட்டியில் கங்கு போட்டு, மேலே கொஞ்சம் சாம்பிராணி தூவி, ஜன்னலைச் சாத்தி அரை மணி நேரம் வைப்போம். முப்பது வருடமாக என் நவம்பர் இப்படித்தான் போகிறது.

ஏப்ரலும் மேயும்தான் எங்கள் சீசன். அந்த இரண்டு மாதமும் கேட்டில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆறு அறையும் நிரம்பினால் பின்கட்டில் இருக்கும் எங்கள் படுக்கையறையைக் கொடுப்போம். அதற்குமேலும் ஆள் வந்தால் மகனுடைய அறை. நாங்கள் மூன்று பேரும் சமையல்கட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து நிற்கும் பெண்களிடம் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

மகன் ஓட்டல் படிப்பு படித்தான். சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். பிறகு கரீபியன் கடலில் ஒரு தீவுக்குப் போய்விட்டான். கடலோரத்தில் பத்து அறைகள் உள்ள சின்ன ஓட்டல். சமையல்காரனாகச் சேர்ந்து, பிறகு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவன் ஆனான். நான்கு வருடம் ஊர்ப் பக்கமே வரவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் நான் போனில் ஆரம்பிப்பேன்: "கிறிஸ்துமஸுக்கு வந்துரு கண்ணு." அவன் "பாக்கலாம்மா" என்பான். டிசம்பர் பிறந்ததும் "லீவு இல்லம்மா" என்பான். நான் போனை வைத்துவிட்டு அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டுக்காரர் மேல் காட்டுவேன். பையனுக்கு வர மனசில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் ஏன் மனசில்லை என்று ஒருநாள்கூட அவனைக் கேட்டதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. சேலத்துக்காரர் ஒருவர் லாட்ஜைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீயே போயி அவங்கிட்ட நேர்ல கேட்டுப்போட்டு வா. வாரேன்னு சொன்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா பொங்கலோட உட்டுறலாம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு லாட்ஜை விட்டு நகர முடிகிற ஒரே மாதம் நவம்பர். மகனும், "அப்பவே வாம்மா, இங்கயும் ஆளுக இருக்க மாட்டாங்க" என்றான். அதுவரை விமானத்தை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. மூன்று விமானம் மாறிப் போனேன். பையில் முறுக்கு, எங்கள் மலைக் காப்பித்தூள், மகன் அறையில் போடுவதற்கு ஒரு டப்பா சாம்பிராணி.

போய் இறங்கியதும் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. அங்கே புயல் காலம் முடிகிற சமயம், சீசன் இன்னும் தொடங்கவில்லை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. டாக்சிக்காரர்கள் சவாரியில்லாமல் கார் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினார்கள். படகைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஏரிக்கரையை மழை மாதத்தில் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் விளங்கும். மகன் கடலைக் காட்டினான். நான் ஓட்டல் சுவரில் உரிந்திருந்த பெயின்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டல்காரம்மா அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம், வளையாத முதுகு, தலையில் எப்போதும் ஒரு பூப்போட்ட துணி. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வேறு வேறு நாட்டில். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் எனக்குக் கைகொடுத்தது. அவர் எனக்கு இருப்பதிலேயே நல்ல அறையைக் கொடுத்து, ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று கட்டளையும் போட்டார். விருந்தாளியாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் நாளே யாரும் பார்க்காதபோது என் அறையை நானே பெருக்கினேன்.

வந்த காரியத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. தினமும் போனில் வீட்டுக்காரர், "கேட்டியா?" என்பார். "அவனுக்கு வேலை இருக்குதுங்க, நாளைக்குக் கேக்கறேன்" என்பேன். எனக்கு ஒரே பயம். கேட்டு அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஐந்து நாள் இப்படியே போனது.

ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மகனும் ஓட்டல்காரம்மாவும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். மதியம் தாழ்வாரத்தில் நடந்தபோது பூட்டாத ஒரு காலி அறையிலிருந்து அந்த வாசனை வந்தது. பூசண வாசனை. எனக்குக் கை பரபரத்தது. ஓட்டலில் தங்கியிருந்த ஒரே ஒரு வயதான தம்பதிக்காகப் பின்பக்கக் கொட்டகையில் பீப்பாய் அடுப்பில் மீன் சுட்டிருந்தார்கள். கங்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஒரு இரும்புச் சட்டியைத் தேடி எடுத்து, கங்கை அள்ளிப் போட்டு, ஒரு கை சாம்பிராணியைத் தூவி, அந்த அறையின் நடுவில் வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். அந்தத் தீவுக்கு வந்து அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்ததாக நினைத்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூரையிலிருந்த கருவி அலற ஆரம்பித்தது. அந்த ஒரு அறையில் மட்டுமல்ல, பத்து அறையிலும் அலறியது. புகையைக் கண்டுபிடிக்கும் கருவி எங்கள் லாட்ஜில் கிடையாது. அந்த வயதான தம்பதி துவாலையோடு மழையில் ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. அதன் பின்னாலேயே மகனும் ஓட்டல்காரம்மாவும் வந்து இறங்கினார்கள். வாசலில் நான் சட்டியும் கையுமாக நின்றிருந்தேன்.

ஓட்டல்காரம்மா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. அறைக்குள் போய்த் திரைச்சீலையை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். சீசனுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அறைக்குள் நெருப்பு வைக்கச் சொன்னது யார் என்று மகனைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "நான்தான் சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். நாளைக்கு இதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

இந்த வேலை போனால் பையன் ஊருக்கு வந்துவிடுவான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. மறைத்து என்ன ஆகப்போகிறது, தோன்றியது. பெற்றவளுக்கு இப்படியும் புத்தி போகுமா என்று உடனே என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் ஓட்டல்காரம்மாவின் கதவைத் தட்டினேன். பையன் பொய் சொன்னான், அவன் ஒன்றும் சொல்லவில்லை, செய்தது நான்தான் என்றேன். எங்கள் மலையில் இந்த மாதத்தில் பூட்டிய அறைகளுக்கு என்ன செய்வோம் என்பதையும் சொன்னேன். எத்தனை அறைகள் என்று கேட்டார். ஆறு என்றேன். தலையணைக்கு என்ன செய்வீர்கள் என்றார். வெயில் வருகிற அன்றைக்குக் காப்பிக்கொட்டையை ஒதுக்கிவிட்டுக் காப்பிக் களத்தில் காயப்போடுவோம் என்று சொல்ல வந்து, களத்துக்கு ஆங்கிலம் தெரியாமல் கையால் விரித்துக் காட்டினேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே நல்ல வெயில். அப்படியானால் பத்து அறை மெத்தையும் இன்றைக்கு வெளியே வரட்டும், நீங்களும் வாருங்கள் என்றார். நேற்றைய விஷயத்தை மகனிடம் எடுக்கவேயில்லை.

அன்று முழுக்க மகனும் நானும் மெத்தைகளைத் தூக்கிப் போட்டோம். ஒவ்வொரு மெத்தையையும் போட்ட பிறகு அவன் புறங்கையைத் தையலோரத்தில் வைத்து ஈரம் பார்த்தான். உள்ளங்கைக்கு ஈரம் தெரியாது, புறங்கைக்குத்தான் தெரியும். அது என் வழக்கம். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஏஞ்சாமி, நம்ம ஊட்டுக்கே வந்துர்றியா?" என்றேன்.

அவன் மெத்தையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "இவிங்களுக்கு டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன்மா. நீ வருசா வருசம் கிறிஸ்துமஸுக்குத்தான் கூப்பிடற. அப்ப இங்க ஒரு ரூம் காலியிருக்காது. உன்னைய மே மாசத்துல லாட்ஜப் பூட்டிப்போட்டு வான்னா நீ வருவியா?"

முப்பது வருடம் சீசனை நம்பிச் சாப்பிட்டவள், உன் சீசன் எப்போது என்று மகனைக் கேட்டதே இல்லை. எனக்கு மனசு நொந்துபோயிற்று.

"சரி, மே மாசம் இங்க காலிதான? அப்ப வா" என்றேன்.

"மே மாசம் வந்து நான் எங்கம்மா படுக்கறது?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஆறாவது படிக்கறப்ப லீவுல ஒருநாள் வெளையாடிப்போட்டு ஊட்டுக்கு வந்தேன். என்ற கட்டில்ல ஒரு பையன் படுத்துக்கிட்டு என்ற படக்கத புக்கப் படிச்சுக்கிட்டிருந்தான். என்ற துணிப் பொட்டி கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்துல கெடந்துச்சு. நீ வந்து, சார் ஊட்டுப் பையனத் தொந்தரவு பண்ணாத கண்ணுன்னு சொன்ன. எனக்குன்னு அந்த ஊட்ல ரூம் இல்லைன்னு அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அந்த நாளே நினைவில்லை. எத்தனையோ மே மாதங்கள், எத்தனையோ சார் வீட்டுப் பையன்கள். அவனுக்கு இத்தனை வருடம் மறக்காதது எனக்கு ஒரு நாள்கூட ஞாபகத்தில் நிற்கவில்லை என்பதுதான் என்னை அழ வைத்தது. மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவன் பதறிப்போய், "நான் சும்மா சொன்னம்மா" என்றான். சும்மா சொல்லவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வார மே மாசத்துல இருந்து உன்ற ரூம யாருக்கும் உட மாட்டேன். நீ வந்தாலுஞ் செரி, வராட்டியுஞ் செரி" என்றேன்.

"பாக்கலாம்மா" என்றான்.

ஊர் திரும்பி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஒரு மே மாசம் பாத்துப்போடலாம்" என்றார். சேலத்துக்காரரை மே முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னோம். ஏப்ரலில் மகனுடைய அறைக்கு வெள்ளையடித்து, புது விரிப்புப் போட்டுப் பூட்டினேன். சாவி என் பர்சுக்குள். அறை ஒன்று காலியாக இருக்கும்போதே "ரூம் இல்லீங்க" என்று சொல்ல என் வாய் பழகவேயில்லை. ஒவ்வொரு தடவையும் திருடியைப் போல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். செம்மநத்தத்திலிருந்து வேலைக்கு வரும் பெண், "ஏனுங்கம்மா, அந்த ரூமு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, பூட்டியே வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டாள். "பாவம் பண்ணுனது நான்" என்றேன்.

மே இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மதியம் சேலம் பஸ்ஸிலிருந்து மகன் இறங்கி வந்தான். வருகிறேன் என்று சொல்லவுமில்லை. நான் பர்சிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். திறந்து உள்ளே போய், ஜன்னலைத் திறந்தான், மெத்தையோரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் மல்லாந்து படுத்தான். நான் கதவோரத்தில் நின்று கண் நிறையப் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனேன்.

அன்று சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, தோளில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. நாலு இடத்தில் கேட்டுவிட்டு வருகிறார்களாம். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு "ரூம் இல்லீங்க" என்றேன்.

"இருக்குதுங்க" என்று பின்னாலிருந்து மகனின் குரல் வந்தது. "அஞ்சு நிமிசம் குடுங்க, பெட்ஷீட் மாத்திக் குடுத்தர்றேன்."

அவர்களை உள்ளே விட்ட பிறகு சமையல்கட்டில் அவனைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உனக்குன்னு ஒண்ணர மாசமா பூட்டி வெச்ச ரூம்டா அது. ஒரு ராத்திரி படுத்துப்போட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

"பூட்டி வெச்சிருந்தியில்லம்மா, அது போதும்" என்றான். அப்புறம் பரணிலிருந்து பாயை எடுக்கப் போனான்.

இந்த மேயும் வந்தான். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்த அம்மாவின் பத்து அறை, மேயிலும் ஜூனிலும் எங்கள் ஆறு அறை என்று வைத்துக்கொண்டிருக்கிறான். சேலத்துக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அந்த அறையை இன்னும் நானாக யாருக்கும் கொடுப்பதில்லை. ஆறு அறையும் நிரம்பிய பிறகு கேட்டில் யாராவது வந்து நின்றால், "மகனைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவன் கதவைத் தட்டுகிறேன்.