அம்மாவின் வழக்கில் மகனின் சாட்சியம்

ரொறன்ரோ நகரின் நடுவே, கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அலுவலக அறை. மேசையில் ஒரு சிறிய மைக். அதற்கு இந்தப் பக்கம் நான் அன்ரி என்று கூப்பிடும் அந்தத் தாய், காதை என் பக்கம் சாய்த்தபடி. அந்தப் பக்கம் அவருடைய மகன், வலது கையை உயர்த்தி, உண்மையையே சொல்வதாக உறுதி எடுத்துக்கொண்டிருக்கிறான். தாய் தொடுத்த வழக்கில் மகனை எதிர்த்தரப்பு கேள்வி கேட்கப் போகிறது. நான் மொழிபெயர்ப்பாளர். அவன் ஆங்கிலத்தில் சொல்வதைத் தாயின் காதுக்குள் தமிழில் சொல்வதற்காக என்னை அமர்த்தியிருந்தார்கள். எத்தனையோ வழக்குகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தக் காலையைப்போல் இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை.

அன்ரி டோர்செட் பார்க்கில், உயர்ந்த அடுக்குமாடி ஒன்றில், மகனோடு தனியாக இருந்தவர். அமெரிக்க எல்லை தாண்டி, பஃபலோவில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு இருவரும் காரில் போனபோது, சந்தியில் ஒரு ட்ரக் வந்து மோதியது. அன்ரியின் இடுப்பெலும்பு உடைந்தது. ஓட்டிய மகனுக்குச் சிராய்ப்பு மட்டும். தனக்குத்தான் பச்சை லைற் எரிந்தது என்று ட்ரக் சாரதி பொலிசுக்குச் சொன்னான். மகனோ தன் பக்கம்தான் பச்சை எரிந்தது என்றான். வேறு சாட்சி இல்லை. அதற்குப் பிறகு மகன் கார் ஓட்டவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போவதையும் விட்டான். விபத்தைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. கனடாவில் வளர்ந்த பிள்ளை. சாப்பாடு, கடை, பஸ் இவற்றுக்குப் போதுமான தமிழ் அவனிடம் இருந்தது. மனதில் கிடப்பதைச் சொல்லும் அளவுக்கு இல்லை. தாயின் ஆங்கிலமும் அப்படித்தான்.

ட்ரக் கம்பனிமேல் அன்ரி வழக்குப் போட்டார். அவர் கனடாக்காரர், கம்பனி நியூயோர்க் மாநிலத்துக்குரியது. இப்படி ஒரு பக்கம் வெளிநாட்டவரும் மறுபக்கம் அமெரிக்கரும் நின்று, கேட்கும் நட்டஈடும் பெரிதாக இருந்தால், மாநில நீதிமன்றத்தை விட்டு ஃபெடரல் நீதிமன்றத்துக்கே போகலாம். பஃபலோ வழக்கறிஞர் இதை விளக்கியபோது அன்ரி தலையாட்டிக் கேட்டார். முறைப்பாடு பதிவானது, கம்பனியிடம் சேர்ப்பிக்கப்பட்டது, கம்பனி பதில் தாக்கல் செய்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் வீட்டுக் கதவைத் தட்டி, மகனின் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்குப் போடப்பட்டவர், தன்மேல் விழும் பொறுப்பில் இன்னொருவருக்கும் பங்கு உண்டென்று நினைத்தால், அந்த மூன்றாம் ஆளையும் அதே வழக்குக்குள் இழுக்கலாம். கம்பனி அதைத்தான் செய்தது. பிழை மகனுடையது, தாயின் காயத்துக்கு அவனே பொறுப்பு என்றது.

வழக்கறிஞருடன் தொலைபேசியில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அன்ரி என்னிடம் படபடவென்று கேட்டார்.

“பிள்ளை, நான் அந்தக் கம்பனிக்கு மேலதானே வழக்குப் போட்டனான்? என்ர பிள்ளையை ஏன் இழுக்கினம்? எனக்கு ஒண்டும் வேண்டாம், வழக்கைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ.”

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன், பின்னால் மகனின் குரல் கேட்டது.

“நோ அம்மா. லெற் தெம் ஆஸ்க். நான் சொல்லுறன்.”

அப்படித்தான் அந்தக் கண்ணாடி அறைக்கு வந்தோம். நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதற்கு முன்பே இரு தரப்பும் மற்றத் தரப்பைச் சத்தியத்தின் பேரில் விசாரித்து, சொல்வதை எழுத்தில் பதிந்துகொள்வது அங்கே நடைமுறை. கம்பனியின் வழக்கறிஞர் பண்பாகவே கேட்டார். எவ்வளவு வேகம்? மழையா? லைற் என்ன நிறம்? பச்சை என்றான். மோதுவதற்குச் சற்று முன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

அவன் மேசையிலிருந்த மைக்கைப் பார்த்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். எங்கள் தொழிலில், பேசுபவர் “நான்” என்றால் நாமும் “நான்” என்றே சொல்ல வேண்டும். நான் அன்ரியின் காதுக்குள் சொன்னேன்:

“அம்மாவைப் பார்த்தனான். அவ சிரிச்சுக்கொண்டு இருந்தா. அம்மா அப்பிடிச் சிரிக்கிறது குறைவு. லைற் பச்சை எண்டு கண்டுட்டுத்தான் அவவின்ர பக்கம் திரும்பினனான். பிறகு முன்னுக்குப் பார்க்க, ட்ரக் கிட்ட நிக்குது. நான் அம்மாவைப் பார்க்காமல் இருந்திருந்தால் பிரேக் அடிச்சிருப்பன். அம்மா இப்பிடி நொண்டி நடக்க மாட்டா.”

அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாது. ஆனால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இடைவேளையில் எங்கள் பக்க வழக்கறிஞர் நெற்றியைத் தடவினார். அந்தப் பதில் எங்களுக்கு நட்டம் தரலாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்குப் பாதகமானதை இப்படிச் சொல்கிறவன் பச்சை என்று சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவார்கள் என்றும் சொன்னார்.

அன்ரி தடியை ஊன்றி மகனிடம் போனார்.

“அண்டைக்கு நான் ஏன் சிரிச்சனான் எண்டு ஞாபகம் இருக்கோ?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

“உந்த ஜிபிஎஸ் பொம்பிளை தமிழ் கதைச்சால் எப்பிடி இருக்கும் எண்டு நீ கதைச்சுக் காட்டினாய். ‘அன்ரி, வலப்பக்கம் திரும்புங்கோ, அது உங்கட பிழை இல்லை’ எண்டு.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். பாதியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டான். அன்ரி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல விலகிப் போனேன்.

ட்ரக் சாரதியையும் பின்னர் விசாரித்தார்கள். லைற் என்ன நிறம் என்று அவன் இரண்டு தடவை இரண்டு விதமாகச் சொன்னானாம். ஜூரி வேண்டாம், வழக்கை இப்போதே தள்ளுபடி செய்யுங்கள் என்று கம்பனி கேட்டபோது நீதிபதி மறுத்தார். யாருடைய சொல்லை நம்புவது என்பதைக் காகிதத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, ஆட்களை நேரில் பார்க்கும் ஜூரிதான் தீர்மானிக்க வேண்டும் என்றார். அதன் பிறகு கம்பனி சமரசத்துக்கு இறங்கி வந்தது.

இப்போது அந்த மகன் அஜக்ஸில் இருக்கிறான். படிப்பை முடித்துவிட்டான்; காலையில் 401 நெடுஞ்சாலையில் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான். அன்ரி இன்னும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். போன கோடையில் ஒரு கலியாண வீட்டில் கண்டபோது, சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற இருவரும் எதற்கோ சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த நல்ல சண்டை. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் நான் மறக்காதது சமரசம் நடந்த அந்த நாளை. இரு தரப்புக்கும் நடுவே பேசிய மத்தியஸ்தர், கம்பனி தரச் சம்மதித்த தொகையைச் சொன்னார். அன்ரி அதைக் கவனிக்கவே இல்லை.

“என்ர பிள்ளைக்கு மேல போட்டது என்னாகும்? அதை முதல் சொல்லச் சொல்லுங்கோ.”

மத்தியஸ்தர் கம்பனி ஆட்கள் இருந்த மற்ற அறைக்குப் போய்வந்தார். மகன்மேல் போட்டதைக் கம்பனி விலக்கிக்கொள்கிறது, அதை இனி எந்த நீதிமன்றத்திலும் மறுபடி தொடுக்க முடியாது என்றார். நான் சொல்லி முடித்ததும் அன்ரி மகனின் பக்கம் திரும்பினார்.

“கேட்டியோ, ராசா? இனி உன்னை ஒருத்தரும் இதுக்குக் குற்றம் சொல்லிக் கூப்பிடேலாது. நீயும் உன்னைக் கூப்பிடக் கூடாது.”

மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக. நான் வாயைத் திறக்கவில்லை. மகன் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

“ஓம் அம்மா,” என்றான்.