சாவி இடுப்பில், வண்டி தெருவில்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்கள் முதலில் வண்டியைப் பற்றிச் சொல்வதில்லை. காலையில் யார் முகத்தில் விழித்தோம் என்பதைத்தான் சொல்வார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யும் லீவரை இழுத்து இழுத்தே தோள் கழன்றவர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். பெயர் ஸ்டெல்லா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆட்டோ மெக்கானிக். ஸ்பார்க் வராத வண்டிகள் எத்தனையோ என் கைக்கு வந்து போயிருக்கின்றன. தனபால் அண்ணனின் லோடு ஆட்டோவைப் போல ஒன்று வந்ததில்லை. சாயம் போட்ட பட்டு நூலைத் தறிக்காரர்கள் வீட்டில் கொண்டுபோய் இறக்கும் கிழட்டு மூன்று சக்கரம் அது.

நீலமாய் ஊர்ந்தது

மழைக்காலம். ஈரம் பட்டால் வண்டி எழுந்திருக்காது என்று தள்ளிக்கொண்டு வந்தார். கரண்டும் இல்லை, வானமும் கறுத்துக் கிடந்ததால் பகலிலேயே கடைக்குள் இருட்டு. எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு "இழுங்கண்ணே" என்றேன். இழுத்தார். பிளக்குக்குப் போகும் தடித்த வயரின் மேல் நீலமாக ஏதோ ஊர்ந்தது. இன்னொரு தடவை இழுத்ததும் வயர் நெடுக நெளிந்து, இரும்பில் இறங்கி மறைந்தது.

காரணம் எனக்குத் தெரியும். ரப்பர் உறை வெடித்திருக்கிறது, ஈரத்தில் மின்சாரம் கசிகிறது. தெரிந்தும் கையில் மயிர் குத்திட்டு நின்றது. வயரையும் பிளக் கேப்பையும் மாற்றியதும் வண்டி உறுமியது. பழைய வயரைக் குப்பையில் எறியப் போனபோது தனபால் அண்ணன் கையை நீட்டினார். "அத்த இப்டி குடும்மா. உள்ள குடியிருந்தது எங்க போச்சின்னு தெரியற வரைக்கும் மஞ்ச துணில முடிஞ்சி வைக்கிறேன்."

நின்ற இடம்

மழை விட்டதும் வேறு வியாதி. வீட்டிலிருந்து கிளம்பினால் குளத்தங்கரை வரை போகும்; அங்கே செத்துவிடும். கொஞ்சம் பொறுத்து இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். தினமும் அதே கதை. "அந்தக் கொளத்துல ஏதோ இருக்குதும்மா" என்றார். சூடானால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குள் கம்பி விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும், தினமும் ஒரே தூரம் என்பதால் ஒரே இடம் என்று விளக்கினேன். "நாளைக்கு வேற வழியில போங்கண்ணே. அங்கயும் நிக்கும், பாருங்க."

மறுநாள் வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நின்றதா என்று கேட்டேன். "நீ சொன்னாப்லயே நின்னுச்சும்மா. எங்க நின்னுச்சி தெரியுமா? எங்கண்ணன் வூட்டு வாசல்ல. அப்பா செத்ததுலேர்ந்து அவரும் நானும் பேசறதே இல்ல."

காதர் பாயின் மேசை

காயிலைக் கழற்றி, பக்கத்துக் கடையில் காயில் கட்டும் காதர் பாயிடம் கொடுத்தேன். மீட்டரை வைத்தார், முள் ஏறியது. சூடு காட்டினார், முள் விழுந்தது. ஆறவிட்டார், ஏறியது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு உள்ளூரப் பெருமை. எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க, சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டே போனார். கடைசிச் சுற்று வரை கம்பி ஒரே இழையாக வந்தது. எங்கேயும் அறுந்திருக்கவில்லை.

புதுக் காயில் கட்டிக் கொடுத்தார். பிரித்த கம்பியை ஒரு தாளில் சுருட்டி என் பக்கம் தள்ளினார். "சூடு பண்ணா சாவுது, பிரிச்சா உசுரோட இருக்குது. இத்த நான் கடைல வச்சிக்க மாட்டேன், நீயே எடுத்துக்கினு போம்மா."

ஆளில்லாமல் வந்தது

புதுக் காயிலோடு வண்டி ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை நான் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். தனபால் அண்ணனின் அண்ணன் ஏகாம்பரம், தன் வீட்டிலிருந்து தள்ளி ஒரு நீளத் தெருவில், தறியில் ஏற்றும் பாவை நீட்டியிருந்தார். தெரு நீளத்துக்கு அரக்குப் பட்டு இழைகள். ஒரு முனையில் கழியைப் பிடித்து அவர் நின்றார், மறுமுனையில் அவர் மனைவி. தம்பி குடியிருக்கும் சந்து அந்தத் தெருவுக்குத்தான் சரிந்து இறங்குகிறது. அங்கிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பினால் லோடு ஆட்டோ. சீட்டில் ஆள் இல்லை.

"வுடுங்க, வந்துடுங்க!" என்று அவர் மனைவி கத்தினாள். கழியை விட்டால் பாவு முழுவதும் சிக்காகிவிடும். விடாவிட்டால் வண்டி அவர்மேல் ஏறும். அவர் கண்ணை மூடிக்கொண்டார், கழியை விடவில்லை. நான் ஓடினேன், எட்டவில்லை. அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் எஞ்சின் அடங்கியது. வண்டி ஒரு தரம் குலுங்கி நின்றது. புகை மட்டும் மெதுவாகப் பட்டின்மேல் படிந்தது. பின்னாலேயே தனபால் அண்ணன் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து எல்லோருக்கும் காட்டி, "சாவி எங்கிட்ட இருக்குது, சாவி எங்கிட்ட இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏகாம்பரம் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். "இந்தக் கழிய புடி" என்றார்.

பாவைச் சுருட்டி வைத்த பிறகு, அண்ணன் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடிக்க, தம்பி பின்னால் தள்ள, வண்டி கடைக்கு வந்தது. இந்த வண்டிக்கு ஸ்பார்க் தர பேட்டரி வேண்டாம். சாவியை அணைத்தால் ஒரு சின்ன வயர்தான் ஸ்பார்க்கைத் தடுக்கும். அந்த வயர் அறுந்திருந்தது. நாலைந்து நாளாகச் சாவிக்கு அடங்காததால், கியரில் போட்டுத் திணறடித்து நிறுத்தியிருக்கிறார் தனபால் அண்ணன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் நழுவி, கியரோடு சரிவில் உருண்டதில் எஞ்சின் தானே பற்றிக்கொண்டது. இத்தனையும் சொன்னேன். பிறகு பிளக், காயில், பெட்ரோல் எல்லாம் பார்த்தேன். குறையே இல்லை. லீவரை ஒரு தடவைதான் இழுத்தேன், பிடித்துக்கொண்டது.

ஏகாம்பரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் தோளில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. "ஓடினதுக்கு வயரு காரணம்னு சொல்ட்டம்மா. நின்னதுக்கு எந்த வயரு?"

பழுதான வண்டிகளோடு நான் நிம்மதியாகத்தான் காலம் தள்ளுகிறேன். பழுதே இல்லாத ஒன்றைக் கடை வாசலில் பார்த்தால்தான் இப்போதும் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.