அசல் எது என்று சொல்லும் ஒரு வரி

என் தொழிலை யாருக்கும் விளக்கிப் புரியவைக்க நான் முயன்றதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். மக்ரூன் கடை, உப்புக் கம்பெனி, கருவாடு ஏற்றுமதி செய்கிறவர்கள் என்று தூத்துக்குடியில் பலருக்கு இணையதளம் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒன்று மாவட்டச் செய்திகள் போடும் தளம். அதன் ஆசிரியர் பழைய அச்சகத்தில் எழுத்துக் கோத்து வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும்.

அண்ணாச்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போட்ட செய்தியில் கை வைக்க மாட்டார். "வித்த பேப்பர வீடு வீடாப் போய் திரும்ப வாங்கவாலே முடியும்? போட்டது போட்டதுதான்" என்பார். இது பேப்பர் இல்லை, நினைத்த நேரத்தில் திருத்தலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதற்குச் சுவரோடு பேசலாம். செய்தி தப்பாகிவிட்டால், பழையதை அப்படியே நகலெடுத்து, தலைப்பையும் இரண்டு வரியையும் மாற்றி, புதுச் செய்தியாகப் போடுவார். பழையது பாட்டுக்குப் பழைய இடத்திலேயே கிடக்கும்.

சென்ற காற்றுக் காலத்தில் வேம்பார்ச் சாலையில் இருக்கிற ஒரு கடற்கரை ஊரிலிருந்து போன படகு திரும்பவில்லை. தங்கல் படகு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற படகு. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில், படகு கேரளக் கரையில் ஒதுங்கிவிட்டது, எல்லோரும் பத்திரம் என்று தகவல் வந்தது. "மாயமான படகு மீட்பு, மீனவர்கள் பத்திரம்" என்று அண்ணாச்சி உடனே போட்டார். அந்த ஊரில் வெடி வெடித்தார்கள்.

சாயங்காலம்தான் தெரிந்தது, ஒதுங்கியது வேறு படகு. இந்தக் கரையில் படகுக்குப் புனிதர் பெயர்தான் வைப்பார்கள், அதுவும் சுற்றிச் சுற்றி அதே நாலைந்து புனிதர்கள். ஒரே பெயரில் இங்கே ஒரு படகு இருந்தால் குளச்சலில் ஒன்று இருக்கும். பதிவு எண்ணைக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சந்தோஷத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி தன் வழக்கப்படி பழைய செய்தியை நகலெடுத்து, "கரை ஒதுங்கியது வேறு படகு" என்று தலைப்பை மாற்றிப் போட்டார். காணாமல் போன படகின் பலகை ஒன்று மட்டும் பிற்பாடு கிடைத்தது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச காலம் கழித்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கிற என் அறைக்கு ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அந்தப் படகில் போன ஒருவருடைய மைத்துனர். அண்ணாச்சிதான் முகவரி கொடுத்து அனுப்பியிருந்தார்.

"எந்தங்கச்சி தெனமும் காலைல எந்திச்சதும் போன்ல படகு பேரப் போட்டுத் தேடுதாண்ணே. மொதல்ல வாரது அந்த மீட்புச் செய்திதான். பாத்துட்டு நேரா படகு வந்து அணையுத பாலத்துல போய் நிக்கா. மத்த வீட்டுல எல்லாம் எறந்தவங்களுக்கு வைக்குத பூசை முடிஞ்சிட்டு. இவ சம்மதிக்க மாட்டேங்கா. உசுரோட இருக்க மனுசனுக்கு எதுக்கு பூசைங்கா. பங்குச் சாமியாரே வந்து சொல்லியாச்சு. பேப்பர்லயே போட்டிருக்கு, நீங்கள்லாம் பொய் சொல்லுதியன்னு எங்களயே ஏசுதா."

நான் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மீட்புச் செய்தி மட்டும்தான் வந்தது. மறுப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. எங்கள் தொழிலில் அதைக் கெனானிக்கல் டேக் என்போம். ஒரே விஷயம் நாலு முகவரியில் கிடந்தால், இவற்றில் இதுதான் அசல், மற்றவை நகல் என்று தேடுபொறிக்குச் சொல்கிற வரி அது. அசலை மட்டும் காட்டிவிட்டு நகல்களைத் தேடுபொறி ஒதுக்கிவிடும். அண்ணாச்சி பழைய செய்தியை நகலெடுத்தபோது அந்த வரியும் சேர்ந்து வந்துவிட்டது. அதனால் மறுப்புச் செய்தியே தன் தலையில், "நான் நகல், அசல் அந்த மீட்புச் செய்தி" என்று எழுதி வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வரியைத் தவிர எல்லாம் ஒன்றாக இருந்ததால் தேடுபொறியும் நம்பிவிட்டது. எந்திரம் சொன்னதைச் செய்தது. எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க அண்ணாச்சி மேல்தான்.

போன் போட்டுக் கத்தினேன். பழையதைத் தூக்குங்கள், இல்லாவிட்டால் அதன் மேலேயாவது தப்பு என்று ஒரு வரி போடுங்கள் என்றேன்.

"அதான் புதுசாப் போட்டாச்சுல்லா."

"அத யாரு அண்ணாச்சி பாத்தா? அந்தப் பொம்பள தெனமும் பாலத்துல போய் நிக்கா."

"போட்ட செய்தில நான் கை வைக்க மாட்டேன். உன் கம்ப்யூட்டர்ல என்ன செய்யணுமோ செய்யி" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் பிடிவாதம் போகவில்லை.

அந்த வரியைத் திருப்பிப் போட்டேன். மறுப்பு அசலானது, மீட்பு நகலானது. ஐந்து நிமிஷ வேலை. தேடுபொறி அதைக் கவனித்து மாற்றிக்கொள்ளத்தான் நாள் எடுத்தது. தினமும் அந்தப் படகின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். மீட்பு என்றே வரும். இந்நேரம் அந்தப் பெண்ணும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு காலையில் மாறியிருந்தது. வேலை சரியாக நடந்தால் எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அன்றைக்கு அது வரவில்லை.

அன்று மத்தியானமே அவள் அண்ணனோடு வந்தாள். சின்ன வயதுதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல ஒரு செய்தி வரும்லாண்ணே. அது இன்னைக்கு வரமாட்டேங்கு."

"அது தப்பான செய்திம்மா. கரைக்கு வந்தது வேற படகு."

"அதுல வந்தவங்கள்லாம் வீடு போய்ச் சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்கம்மா."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"இதுல வரலேன்னாலும் வேற எங்கயாச்சும் அந்தச் செய்தி இருக்குமாண்ணே? இல்ல, அழிச்சாச்சா?"

அழிக்கவில்லை. நான் மாற்றியது தேடினால் எது வரும் என்பதை மட்டும்தான். முகவரி தெரிந்தால் அந்தப் பக்கம் இன்றைக்கும் திறக்கும், அதே தலைப்போடு. அவள் போனை வாங்கி நானே அடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நாளைக் காலையிலும் பாலத்துக்குப் போவாள்.

"அழிச்சாச்சும்மா" என்றேன்.

அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "கோயில்ல சொல்லிருண்ணே. பூசை வச்சிருவோம்."